இண்டிகேட்டர் லீவரை நாமே மாற்றலாமா? ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இருக்கிறதே?

நீங்கள் எழுதியிருப்பதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காருக்குப் பத்து வயது. இடப்பக்கம் இண்டிகேட்டர் போட்டால் லீவர் நிற்கிறது, வண்டி திரும்பி நேரானதும் தானாக விழுந்துவிடுகிறது. வலப்பக்கம் போட்டால் நிற்பதில்லை, விரலை எடுத்த உடனே நடுவுக்கு வந்துவிடுகிறது. விரலால் பிடித்துக்கொண்டே இருந்தால் விளக்கு ஒழுங்காக மின்னுகிறது. ஹாரன் அடிக்கிறது. ஏர்பேக் விளக்கும் சாவி போட்டதும் எரிந்து அணைந்துவிடுகிறது. சுவிட்சையே மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லியிருக்கிறார்கள். நானே மாற்றலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், ஏர்பேக் பக்கத்தில் கைவைக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பயம் இருக்க வேண்டியதுதான். அதை வைத்துக்கொண்டே வேலையை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். பல வருடங்களாகக் கார் வயரிங் வேலை செய்கிறவன் நான். இந்த சுவிட்சுகளை நிறையக் கழற்றி மாட்டியிருக்கிறேன்.

முதலில் நோய் எது என்று உறுதி செய்துகொள்வோம். உங்கள் விஷயத்தில் சுவிட்ச்தான் என்று தயங்காமல் சொல்வேன். பிடித்துக்கொண்டிருக்கும்போது வலப்பக்கம் சரியாக மின்னுகிறது என்றால் ஃபியூஸ், விளக்கை விட்டுவிட்டு மின்னவைக்கும் ஃபிளாஷர், பல்பு, வயர் எல்லாமே நன்றாக இருக்கின்றன. இடப்பக்கம் தானாக விழுகிறது என்றால் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றி லீவரை விழவைக்கும் வளையமும் நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது சுவிட்சுக்குள் லீவரைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் பள்ளம். அது வலப்பக்கம் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் உடைந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் சொன்னது சரிதான்.

எல்லாருக்கும் இப்படித் தெளிவாக அமைவதில்லை. லீவரின் மேல் பழி போட்டுப் புது சுவிட்ச் வாங்கிவந்து, மாட்டிய பிறகும் அதே கோளாறோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக மின்னினால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது, அல்லது யாரோ பழைய பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டிருக்கிறார்கள். முறையான வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை. அதைவிட வேகம் என்றால் பின்னாலும் முன்னாலும் போய் பல்பைப் பாருங்கள், லீவரைத் தொட வேண்டாம். இரண்டு பக்கமும் எரியவில்லை, நான்கு விளக்கும் சேர்ந்து மின்னும் ஹசார்டு சுவிட்ச் மட்டும் வேலை செய்கிறது என்றால் முதலில் ஃபியூஸ். அப்புறம் அந்த ஹசார்டு சுவிட்சையே சந்தேகப்படுங்கள். பழைய கார்கள் பலவற்றில் இண்டிகேட்டருக்குப் போகும் கரண்ட் ஹசார்டு சுவிட்சின் வழியாகத்தான் போகிறது. அதை வருடக்கணக்கில் யாரும் அழுத்தாததால் உள்ளே காண்டாக்ட், அதாவது ஒன்றையொன்று தொட்டுக் கரண்டைக் கடத்தும் உலோக முனை, மங்கிவிடும். பத்துப் பதினைந்து முறை அழுத்தி அழுத்தி விட்டால் இண்டிகேட்டர் உயிர் பெறுவதுண்டு. அப்படிப் பெற்றால் மாற்ற வேண்டியது அந்த பட்டனை. ஹசார்டில் இரண்டு பக்கமும் மின்னி, லீவரில் மட்டும் ஒரு பக்கம் செத்துக் கிடந்தால் அது லீவர் சுவிட்சின் காண்டாக்ட். லீவர் நன்றாக நிற்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் தானாக விழவில்லை என்றால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் அந்த வளையத்தில் காது போல நீட்டியிருக்கும் பகுதி உடைந்திருக்கலாம், அல்லது அது தட்டும் சுவிட்சின் நாக்கு உடைந்திருக்கலாம். இது ஒன்றை மட்டும் திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

அந்த நாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த சுவிட்ச் எப்படிச் சாகிறது என்பது அதில்தான் இருக்கிறது. பழைய சுவிட்ச் ஒன்றைத் திறந்து பார்த்தால் லீவரின் அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங், அதன் நுனியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய எஃகு குண்டு அல்லது பிளாஸ்டிக் முளை இருக்கும். எதிரே மூன்று பள்ளங்கள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் பாதை. நடுப்பள்ளம், இடம், வலம். நாம் லீவரைத் தள்ளும்போது கேட்கும் அந்தக் 'கிளிக்' இந்த முளை ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததில் விழும் சத்தம்தான். பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மேடு தேயத் தேய முளைக்குப் பிடி இருக்காது, சறுக்கி நடுவுக்கு வந்துவிடும். உங்களுக்கு நடப்பது இது. இனி நாக்கு. லீவரை வலப்பக்கம் போட்டதும் விரல் நகம் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் நாக்கு ஸ்டீயரிங் தண்டை நோக்கி வெளியே நீளும். ஸ்டீயரிங் வலப்பக்கம் சுற்றும்போது வளையத்தின் காது இந்த நாக்கைச் சும்மா தட்டிவிட்டுத் தாண்டிப் போகும். திரும்பி நேராக வரும்போது அதே காது நாக்கை எதிர்ப்பக்கமிருந்து உதைக்கும். அந்த உதையில் லீவர் நடுவுக்கு விழும். அந்த நேரத்தில் லீவரைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தால் உதை முழுவதையும் நாக்கே வாங்கும். அதைத் தாங்கவென்று உள்ளே ஸ்பிரிங் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள் என்றாலும், பத்து வருட வெயிலில் காய்ந்து மொரமொரத்துப்போன பிளாஸ்டிக் எத்தனை முறை தாங்கும்? நீங்களும் இப்போது வலப்பக்கம் விரலால் பிடித்துக்கொண்டே திரும்புகிறீர்கள். புது சுவிட்ச் வரும்வரை ஒன்று செய்யுங்கள்: திருப்பம் தொடங்கும் வரை பிடியுங்கள், ஸ்டீயரிங் நேராகத் திரும்பி வரும்போது விரலை எடுத்துவிடுங்கள்.

பிரித்து ஒட்டிச் சரிசெய்யலாமா என்று யாராவது கேட்பார்கள். தேய்ந்த பள்ளத்தில் பசை நிற்காது. மேலே மூடியைத் திறக்கும்போதே ஸ்பிரிங்குகள் தெறித்துப் போகும். காண்டாக்ட் மங்கியிருந்தால் மட்டும் காண்டாக்ட் கிளீனர் அடித்துக் கொஞ்ச காலம் ஓட்டலாம். அதுவும் எலக்ட்ரிகல் காண்டாக்டுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், துரு நீக்கும் எண்ணெயை உள்ளே அடித்தால் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு நிலைமையை மோசமாக்கும்.

சரி, கழற்றும் வேலைக்கு வருவோம். கார்கள் இதில் இரண்டு வகை. முதல் வகையில் ஸ்டீயரிங்கைக் கழற்றவே தேவையில்லை. தண்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்தால் லீவர் சுவிட்ச் இரண்டு ஸ்க்ரூவிலோ ஒரு கிளிப்பிலோ நிற்கும். அதை விடுவித்துப் பக்கவாட்டில் இழுத்தால் டிராயர் போல வெளியே வந்துவிடும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார்கள் பலவும் இப்படித்தான். ஏர்பேக்கைத் தொடும் வேலையே வராது, அரை மணி நேரத்தில் முடியும். இரண்டாவது வகையில் சுவிட்ச் முழு வட்டமாகத் தண்டில் கோத்திருக்கும். அதை எடுக்க ஏர்பேக், ஸ்டீயரிங், அதன் பின்னால் ஏர்பேக்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் கிளாக் ஸ்பிரிங் எல்லாவற்றையும் வரிசையாக எடுக்க வேண்டும். உங்கள் கார் எந்த வகை என்று கவரைக் கழற்றினால் தெரிந்துவிடும், கவரைக் கழற்றுவதில் ஆபத்து எதுவும் இல்லை. முதல் வகை என்றால் நீங்களே செய்யுங்கள். இரண்டாவது வகை என்றால், இதற்கு முன் ஸ்டீயரிங் கழற்றிப் பழக்கமில்லாதவர் இந்த வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதே நல்லது. இதை உங்கள் கைத்திறமையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அங்கே ஒரு தவறு நடந்தால் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு கிடைக்காமல் போகலாம்.

கவரின் கீழ்ப்பக்கம் பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூ இருக்கும். சில கார்களில் இரண்டு ஸ்க்ரூ ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஸ்டீயரிங்கைக் கால் வட்டம் இடப்பக்கம் திருப்பினால் ஒன்று தெரியும், வலப்பக்கம் திருப்பினால் இன்னொன்று. இவை இரண்டையும் பேட்டரியைக் கழற்றும் முன்பே எடுத்துவிடுங்கள். கரண்ட் போன பிறகு ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டால், பட்டன் ஸ்டார்ட் கார்களில் முக்கியமாக, அந்த ஸ்க்ரூவை எட்ட முடியாமல் நிற்க வேண்டியிருக்கும். எடுத்த பிறகு சக்கரங்களை நேராக்கி, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அது தானாக மறுபடி தொட்டுவிடாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். அப்புறம் காத்திருங்கள். இந்தக் காத்திருப்பை யாரும் குறைக்கக் கூடாது. விபத்தில் பேட்டரி அறுந்துபோனாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக அதன் கண்ட்ரோல் பெட்டிக்குள் கெபாசிட்டரில் கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைத்திருக்கிறார்கள். அது வடிய நேரம் வேண்டும். 90 வினாடி போதும் என்று சில நிறுவனங்களின் கையேட்டில் இருக்கும், 3 நிமிடம் என்று வேறு சிலவற்றில், அதைவிட அதிகமாகவும் சொல்கிறார்கள். நான் எந்தக் காராக இருந்தாலும் 15 நிமிடம் விடுகிறேன். பக்கவாட்டில் இழுக்கும் முதல் வகை என்றாலும் பேட்டரியைக் கழற்றாமல் தொடுவதில்லை.

மஞ்சள் நிற கனெக்டர் எதைப் பார்த்தாலும் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் டெஸ்ட் லேம்ப் வைக்கக் கூடாது, மல்டிமீட்டரை ஓம்ஸில், அதாவது மின்தடை அளக்கும் நிலையில், வைத்துத் தொடவும் கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு கரண்டே ஏர்பேக்கை வெடிக்க வைக்கப் போதுமானதாக இருக்கலாம். ஏர்பேக்கைக் கழற்ற வேண்டிவந்தால், ஸ்டீயரிங்கின் பின்னாலோ பக்கத்திலோ டார்க்ஸ் எனப்படும் நட்சத்திர வடிவத் தலை வைத்த போல்ட் இருக்கும், அல்லது மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஸ்பிரிங்கை நெம்பும் ஓட்டை இருக்கும். தொடுவதற்கு முன் காரின் பெயின்ட் இல்லாத இரும்பைக் கையால் ஒருமுறை தொட்டுவிடுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். எடுத்ததும் அழகுப்பக்கம், அதாவது சின்னம் இருக்கும் பக்கம், உங்கள் உடம்புக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி தூக்கிப் போய், அந்தப் பக்கம் மேலே பார்க்கும்படி தனியாக வையுங்கள். கவிழ்த்து வைத்திருக்கும்போது தவறி விரிந்தால் அந்தப் பெட்டியே ராக்கெட் போல எழும்பும்.

ஸ்டீயரிங் நட்டைத் தளர்த்தும் முன் தண்டிலும் ஸ்டீயரிங்கிலும் ஒரே கோட்டில் பெயின்டால் ஒரு குறி போடுங்கள். தண்டில் இருக்கும் பற்களில் ஒரு பல் மாறி மாட்டினால் நேரான சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், இண்டிகேட்டரும் ஒரு பக்கம் சீக்கிரமும் இன்னொரு பக்கம் தாமதமாகவும் விழும். நட்டை முழுக்க எடுக்காமல் இரண்டு மூன்று மரை விட்டுவையுங்கள், ஆட்டி இழுக்கும்போது ஸ்டீயரிங் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்காமல் இருக்கும். வரவில்லை என்றால் இழுத்து எடுக்கும் கருவியான புல்லர் போடுங்கள். தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்கும் பழக்கம் பல பேருக்கு உண்டு. விபத்தில் நெஞ்சில் குத்தாமல் மடங்கிப் போகும்படி செய்த தண்டு அது, அடித்தால் உள்ளே அந்த அமைப்புதான் கெடும்.

அப்புறம் கிளாக் ஸ்பிரிங். ஸ்பைரல் கேபிள் என்றும் சொல்வார்கள். ஏர்பேக், ஹாரன், ஸ்டீயரிங் பட்டன்கள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொண்டுபோகும் பட்டையான ரிப்பன் அது, வட்டப்பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் இரண்டரை மூன்று சுற்றுதான் அதற்கு நீளம். வேலை கற்றுக்கொண்ட காலத்தில் இதைக் கழற்றி மேஜையில் வைத்தேன். வைத்தபோது அது கொஞ்சம் சுற்றிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. அப்படியே மாட்டினேன், எல்லாம் வேலை செய்தது, கார் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து நெருக்கமான இடத்தில் பார்க் செய்யும்போது கார்க்காரர் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்திருக்கிறார். ஹாரன் போய் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. திறந்து பார்த்தால் ரிப்பன் மடிந்து குறுக்கே அறுந்து கிடந்தது. அந்த இரண்டு நாளில் அவருக்கு ஒரு விபத்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து இரவு தூங்கவில்லை. என் செலவில் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து கழற்றும்போதே அது அசையாதபடி டேப் ஒட்டிவிடுகிறேன். அசைந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றி லேசாக இறுகியதும் நிறுத்தி, அதன் மேல் ஒட்டியிருக்கும் குறிப்பில் சொன்ன சுற்று எண்ணிக்கை திருப்பி, அம்புக்குறிகளைச் சேர்க்க வேண்டும். புதியதில் பூட்டு முள் ஒன்று இருக்கும், மாட்டி முடிக்கும் வரை அதை எடுக்கக் கூடாது.

புது சுவிட்ச் வாங்கும்போது காரின் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே காரில் ஃபாக் லேம்ப் இருக்கும் மாடலுக்கு ஒரு சுவிட்ச், இல்லாததற்கு வேறு, ஆட்டோ ஹெட்லைட் இருந்தால் இன்னொன்று. பழைய சுவிட்சின் உடம்பில் இருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதைப் பக்கத்தில் வைத்துக் கனெக்டரின் பின்களை எண்ணிப் பாருங்கள். வேறு காரிலிருந்து எடுத்த பழைய சுவிட்ச் கிடைத்தால், கிளிக் இரண்டு பக்கமும் கெட்டியாக விழுகிறதென்றால் போடலாம், அதில் தவறில்லை. ஏர்பேக்கையும் கிளாக் ஸ்பிரிங்கையும் மட்டும் பழையதாக வாங்கவே கூடாது.

பழைய சுவிட்சின் கனெக்டரைப் பிடுங்கும்போது வயரை இழுக்காமல் பூட்டை அழுத்தி எடுங்கள். எடுத்ததும் அதன் உள்ளே நன்றாகப் பாருங்கள். எங்காவது பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் வேறு கதை. இண்டிகேட்டர் அவ்வளவு கரண்ட் எடுக்காது, ஒரு பக்கம் 21 வாட் பல்பு இரண்டும் 5 வாட் ஒன்றும் என்றால் சுமார் 4 ஆம்பியர்தான். ஆனால் அதே லீவரில்தான் ஹெட்லைட்டும் இருக்கிறது. பெரிய கரண்டைத் தானே தாங்கிக்கொள்ளும் தனி சுவிட்சான ரிலே இல்லாத பழைய கார்களில் ஹை பீமுக்கான 60 வாட் பல்பு இரண்டுக்கும் 10 ஆம்பியர் இந்தச் சின்ன காண்டாக்ட் வழியே போகிறது. அங்கே யாராவது 100 வாட் பல்பு போட்டிருந்தால் 17 ஆம்பியரை நெருங்கும். அப்படி உருகிய இடத்தில் புது சுவிட்சை மட்டும் மாட்டினால் அதுவும் உருகும். பல்பைப் பழையபடி மாற்றி, கருகிய கனெக்டரையும் மாற்றி, முடிந்தால் ரிலே போட்டுவிட்டு அப்புறம் சுவிட்சுக்கு வாருங்கள்.

மாட்டும்போது வயர், ஸ்டீயரிங்கை மேலே கீழே இறக்கும் அமைப்பில் சிக்காமல் பழைய தடத்திலேயே போகட்டும். ஸ்டீயரிங் நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்குங்கள். ஏர்பேக் வேலை செய்திருந்தால் மஞ்சள் கனெக்டர் எல்லாம் கிளிக் என்று பூட்டிய பிறகுதான் பேட்டரி. நடுவில் சோதித்துப் பார்க்கச் சாவி போட்டால் கோளாறு பதிவாகி ஏர்பேக் விளக்கு அணையாமல் நிற்கும், அதை அழிக்கக் காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் தேவைப்படும். முதல் முறை சாவி போடும்போது சீட்டில் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம், வெளியே நின்று கையை நீட்டிப் போடுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து சில வினாடிகளில் அணைய வேண்டும்.

அப்புறம் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்கு மெதுவாகச் சுற்றுங்கள், உரசும் சத்தம் இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் இண்டிகேட்டர் போட்டு அரைச் சுற்று திருப்பிக் கொண்டுவந்தால் தானாக விழ வேண்டும், ஐந்தாறு முறை பாருங்கள். ஹை பீம், பாசிங், பார்க்கிங் விளக்கு, ஹாரன், எதிர்ப்பக்க லீவரின் வைப்பர், எல்லாம். பவர் விண்டோ தானாக மேலேறவில்லை, ரேடியோ அதன் ரகசிய எண்ணைக் கேட்கிறது என்றால் பயப்பட வேண்டாம், அது பேட்டரி கழற்றியதால் வந்தது.

ஒரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். புதிய கார்கள் சிலவற்றில் லீவர், கிளாக் ஸ்பிரிங், ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் சென்சார் எல்லாம் ஒரே பெட்டியாக வருகிறது. அதை மாற்றினால் ஸ்கேனரில் கோடிங்கும் சென்சாருக்கு நேர்நிலை பதிவும் செய்ய வேண்டும், இல்லையென்றால் வண்டி சறுக்காமல் பிடிக்கும் அமைப்பின் விளக்கு எரியும். அந்த வகையில் வீட்டில் கைவைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் காரின் வயதைப் பார்த்தால் முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறது, ஆனால் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். கீழ்க்கவரை மட்டும் கழற்றி, லீவர் தண்டில் சேரும் இடத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். டிராயர் போல இழுக்கும் வகையா, ஸ்டீயரிங் இறங்க வேண்டிய வகையா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை சுவிட்ச் வாங்க வேண்டாம்.